புதுப்பிக்கும் முன் பிரித்துப் பாருங்கள்

கார் காப்பீட்டைப் புதுப்பிக்கச் சொல்லி வரும் குறுஞ்செய்தியில் ஒரே தொகைதான் கண்ணில் படும். அதற்குள் இரண்டு கணக்குகள் உண்டு. மூன்றாம் நபர் காப்பீடு 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். கட்டணத்தை நிர்ணயிப்பது அரசு. 2022 ஜூனில் 1,000 சிசி வரையிலான காருக்கு 2,094 ரூபாய், அதற்கு மேல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய் என்று அறிவித்தார்கள். எந்த நிறுவனத்திடம் போனாலும் இந்த அடிப்படைக் கட்டணம் ஒன்றுதான். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் அப்படியல்ல. 2007-லேயே அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் இந்தப் பகுதியை விசாரிக்காமலே பணம் கட்டுகிறோம். பேரத்துக்கு இடமிருப்பது இங்கேதான்.

நிறுவனம் மாறினால் நோ க்ளெய்ம் போனஸ் போய்விடும் என்ற பயம் வீண். அது உரிமையாளருக்குச் சொந்தம்; தொடர்ந்து ஐந்தாண்டு இழப்பீடு கேட்காதவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை குறையும். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டவிட்டால் இழக்க நேரும். சின்னக் கீறலுக்கு இழப்பீடு கேட்டாலும் அடுத்த ஆண்டு அந்தச் சலுகை கிடைக்காது. மலிவாகக் கொடுப்பவர் இழப்பீட்டின்போது இழுத்தடிப்பார் என்பார்கள். நியாயமான சந்தேகம்தான். ஆனால் அதிகம் வாங்குபவர் இழுத்தடிக்க மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? உண்மையான கண்ணி வேறு: காரின் மதிப்பை, அதாவது ஐடிவியை, குறைத்துக் காட்டியும் பிரீமியத்தைக் குறைக்கலாம். கார் களவு போனால் கிடைப்பது அந்தக் குறைந்த தொகையை ஒட்டித்தான். ஒரே ஐடிவிக்கு மூன்று நிறுவனங்களின் விலையைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.