பட்டாளத்துக்குப் போகலாம்... கணக்குப் பார்த்துவிட்டு!

2023 டிசம்பர் 17 ராத்திரி. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், வெள்ளத்தால் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றுபோனது. உள்ளே சுமார் 800 பேர், சுற்றிலும் தண்ணீர். பிறகு விமானப்படை ஹெலிகாப்டர் வந்து சாப்பாட்டுப் பொட்டலம் போட்டதைத் தமிழ்நாடே டிவியில் பார்த்தது. அதைப் பார்த்த உள்ளூர்ப் பையனுக்குச் சீருடை மேல் ஆசை வந்தால் அதில் தப்பே இல்லை.

தப்பு அதற்குப் பிறகுதான் நடக்கிறது. பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறவனை உட்காரவைத்து வீட்டுப் பெரியவர்கள் ஆரம்பிப்பார்கள். "இந்த டிகிரிய வச்சு என்னலே செய்யப்போற? தூத்துக்குடி ஆர்பர்ல பில் எழுதுத வேலைதான் கெடைக்கும். பேசாம பட்டாளத்துக்குப் போ. கவர்மென்ட் வேலை, சாகுத வரைக்கும் பென்ஷன்."

நல்ல யோசனைதான். ஒரே ஒரு குறை... அவர்கள் சொல்கிற அந்த வேலை இப்போது கிடையாது!

15 வருஷம் சிப்பாயாக இருந்துவிட்டு ஆயுளுக்கும் பென்ஷன் வாங்குகிற மாமாவின் காலம் வேறு. 2022 ஜூன் 14-ஆம் தேதி அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு, சிப்பாயாகச் சேருகிறவர் எல்லாம் அக்னிவீரர்தான். பயிற்சியையும் சேர்த்து 4 வருஷம். அதன் பிறகு 100 பேரில் அதிகபட்சம் 25 பேரை நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். மற்ற 75 பேர் பென்ஷனும் இல்லாமல், கிராஜுவிட்டியும் இல்லாமல் வீட்டுக்கு வரவேண்டியதுதான்.

"சும்மாவா அனுப்புகிறார்கள்? கையில் 11 லட்சத்துக்கு மேல் கொடுக்கிறார்களே!" என்பது அடுத்த வாதம். காமர்ஸ் படிக்கிறவன் இந்த இடத்திலாவது பேனாவை எடுக்க வேண்டாமா? திட்டத்தை அறிவித்தபோது சொன்ன மாதச் சம்பளம் முதல் வருஷம் 30,000. அப்புறம் 33,000, 36,500, 40,000. இதில் மாதாமாதம் 30 சதவீதத்தைச் சேவா நிதிக்குப் பிடித்துக்கொள்வார்கள். 4 வருஷத்தில் அப்படிப் பிடித்தது மட்டும் 5.02 லட்சம். அரசாங்கம் அதே அளவு போடுகிறது. வட்டியும் சேர்ந்து 11.71 லட்சம். அதாவது, ஏதோ பரிசுபோல் சொல்லப்படும் அந்தப் பணத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அவனுடைய சொந்தச் சம்பளமே! அதை அப்படியே 7 சதவீத வட்டிக்குப் போட்டால் மாதம் 6,800 ரூபாய் சொச்சம் வரும். இதையா பென்ஷனோடு ஒப்பிடுவது?

நியாயமாகப் பார்த்தால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சாப்பாடு, தங்குமிடம் இலவசம். படிகள் தனி. வெளியே வந்தவர்களுக்கு மத்திய ஆயுதப்படைகளில் 10 சதவீத ஒதுக்கீடு என்று 2022-இலேயே சொன்னார்கள். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு, வேறு வழி தெரியாமல் நிற்கிற பையனுக்கு இது மோசமான வழி இல்லை. ஆனால் ஒதுக்கீடு என்றால் வேலை இல்லை, போட்டி போட ஓர் இடம். அதற்கும் மறுபடி வரிசையில் நிற்கத்தான் வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. 2023 அக்டோபரில் சியாச்சினில் பணியில் இருந்த அக்னிவீரர் ஒருவர் இறந்தார். அக்னிவீரர் பணியில் இறந்தால் குடும்பத்துக்கு 48 லட்சம் காப்பீடும், 44 லட்சம் கருணைத் தொகையும் உண்டு. சின்னத் தொகை இல்லைதான். ஆனால் பக்கத்தில் நிற்கும் நிரந்தரச் சிப்பாயின் மனைவிக்கு உள்ள குடும்பப் பென்ஷன் இவர் வீட்டுக்குக் கிடையாது. இருவருக்கும் ஒரே பனி, ஒரே குண்டு. அப்புறம் ஏன் இரண்டு கணக்கு?

"நாட்டுப்பற்றில் போய்க் கணக்குப் பார்ப்பதா?" என்று கோபப்படுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 4 வருஷம், 25 சதவீதம், பென்ஷன் கிடையாது என்று முதலில் கணக்குப் பார்த்தது அரசாங்கம்தான். அது பார்க்கலாம், ஒரு வாழைத்தோட்டத்துக் கூலிக்காரரின் மகன் பார்க்கக் கூடாதா?

அப்படியானால் ராணுவமே வேண்டாமா? அதுவும் இல்லை. இன்னும் ஒரே வருஷம் பொறுத்து டிகிரியை முடித்தால் வேறு கதவு திறக்கிறது. யு.பி.எஸ்.சி. வருஷத்துக்கு இரண்டு முறை நடத்தும் சி.டி.எஸ். தேர்வை எழுதி, சென்னை பரங்கிமலை அகாடமிக்கு எந்தப் பட்டதாரியும் போகலாம், பி.காம். உட்பட. கல்லூரியில் என்.சி.சி. 'சி' சான்றிதழ் வாங்கியிருந்தால், எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி. நேர்முகத்துக்குப் போகும் வழியும் உண்டு. அங்கேயும் குறுகிய காலப் பணி என்பது 10 வருஷம், வேண்டுமானால் இன்னும் 4. நிரந்தரம் ஆகாவிட்டால் பென்ஷன் இல்லை. ஆனாலும் டிகிரியோடும் அதிகாரியாக இருந்த அனுபவத்தோடும் வெளியே வருகிறவனும், பாதியில் விட்ட பி.காமோடு 24 வயதில் வெளியே வருகிறவனும் ஒன்றா? அந்த 24 வயதில் சி.டி.எஸ். வயது வரம்பும் கிட்டத்தட்ட முடிந்திருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஓடுவதற்குப் பயிற்சி கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். 1.6 கிலோமீட்டரை எத்தனை நிமிஷத்தில் முடிக்க வேண்டும் என்பது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுப் பக்கம் காலையில் ஓடுகிற எல்லாருக்கும் தெரியும். 4 வருஷம் முடிந்த மறுநாள் காலையில் என்ன செய்வது என்றுதான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஆகவே காலையில் ஓடட்டும். பத்து மணிக்குக் கல்லூரிக்கும் போகட்டும். அடுத்த முறை "பட்டாளத்துக்குப் போ" என்று எந்த மாமாவாவது சொன்னால், கோபப்படாமல் ஒரு வெள்ளைத்தாளை அவர் முன்னால் வைத்து, "மாமா, உங்க பென்ஷன் எவ்வளவுன்னு இந்தப் பக்கம் எழுதுங்க. என்னோடது எவ்வளவுன்னு அந்தப் பக்கம் எழுதுங்க" என்று கேட்கட்டும். அவர் எழுதி முடித்த பிறகும் ஆசை இருந்தால், தாராளமாகப் போகலாம்.