மடியில் கனம்

“மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்?”

விமானப் பயணிகளின் விபரங்களை நோய் தேடும் வேலைக்கு அரசு எடுத்துக்கொள்வது பற்றி நான் வாய் திறந்ததும் நண்பரொருவர் இப்படித்தான் மடக்கினார். யாழ்ப்பாணத்துச் சோனகனிடம் இந்தப் பழமொழி செல்லாது. 1990 ஒக்டோபர் 30இல் எங்கள் மடியில் எந்தக் கனமும் இருக்கவில்லை. புலிகள் இரண்டு மணித்தியாலம் தவணை தந்து விரட்டினார்கள். எங்கள் பெயரே அன்று குற்றமாகியிருந்தது.

நோயைத் தேடாதே என்று நான் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் சுவிற்சர்லாந்திலிருந்து வந்து அரியாலையில் ஆராதனை நடத்திய போதகருக்கு, திரும்பிப் போனபின் கொவிட் தொற்று உறுதியானது. ஆராதனைக்குப் போனவர்களைத் தேடித் தனிமைப்படுத்தியது சரியான வேலை. எந்த விமானம், எந்த ஆசனம், எந்த முகவரி என்று தெரிந்தால்தான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சரியான கதவைத் தட்டலாம்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2005ஆம் ஆண்டுச் சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகளின் 23ஆம் உறுப்புரை பயணியிடம் இவற்றைக் கேட்க இடமளிக்கிறது. அதே ஒழுங்குவிதிகளின் 45ஆம் உறுப்புரையோ, தேவைக்கு மேல் திரட்டாதே, தேவைக்கு மேல் வைத்திருக்காதே என்கிறது. முதலாவதை உரத்து வாசித்து மற்றதை விழுங்கிவிடுவது என்ன நியாயம்?

2020இல் கண்டோமே! கொவிட் தடுப்புக்கான தேசிய செயற்பாட்டு நிலையத்துக்குத் தலைமை தாங்கியவர் வைத்தியரல்லர், இராணுவத் தளபதி. நோய்க்கு மதம் ஒட்டினார்கள். ஏப்ரல் 11 வர்த்தமானி எங்கள் ஜனாஸாக்களை எரிக்கவைத்தது. அடக்கம் செய்யலாமென்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியும் 2021 பெப்ரவரி வரை எரித்தார்கள். 2024 ஜூலையில் மன்னிப்புக் கேட்க அமைச்சரவை தீர்மானித்தது. எரிந்த மையித்தை அந்த மன்னிப்பு மீட்டுத் தருமா?

2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமானது. சென்னையிலிருந்து அங்கு வரும் சின்ன விமானத்தில் சில பத்துப்பேர்தான் இறங்குவார்கள். பெயரைப் பார்த்தே யார் முஸ்லிம் என்று பிரித்தெடுக்கலாம். ஆகவே கேட்கிறேன்: இந்த விபரம் சுகாதாரத் திணைக்களத்தைத் தாண்டிப் பொலிஸுக்கோ படைக்கோ போகாது என்று எழுத்தில் தருவீர்களா? நோயரும்பும் காலம் கழிந்ததும் அழிப்பீர்களா? அழித்ததை யார் பார்த்துச் சொல்வார்? 1897ஆம் ஆண்டுத் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டம் கணினி அறியாத காலத்தது. 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றியவர்கள் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

நண்பரே, நோய் போனதும் பட்டியலும் போகவேண்டும். போகாத பட்டியலொன்றில் கேள்வி கேட்காமல் என் பெயரை எழுதிக்கொடுக்க நான் தயாரில்லை.