எங்கள் வேலியைப் பார்த்து உங்களுக்கு ஏன் கூச்சம்?

போன மாதம் நாங்கள் போட்ட வேலியின் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு மாணவத் தோழர் கேட்டார்: “உத்தப்புரத்துல சுவரை இடிக்கப் போராடுன நாமே இப்ப வேலி போடலாமா?” நல்ல பையன், கோபத்தில் கேட்கவில்லை, வருத்தத்தில்தான் கேட்டார். அவரோடு வந்த இன்னும் இரண்டு பேர், “நிலத்தை அடைக்கிறதே ஆதிக்க சாதிப் புத்தி” என்றார்கள். விடுதி அறையில் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆடு வைத்திருப்பவர்களுக்கு வேறு மாதிரி தெரியும்.

உத்தப்புரத்தில் 1989-இல் எழுப்பிய சுவர் பொதுப் பாதையை மறித்தது. மனிதர்கள் நடக்கக் கூடாது என்பதற்காகவே கட்டிய சுவர் அது. 2008 ஏப்ரலில் அதன்மேல் மின்கம்பி ஓட்டிய செய்தி வெளியே வந்தது. மே 6 அன்று மாவட்ட நிர்வாகமே ஒரு பகுதியை இடித்துப் பாதை விட வேண்டியதாயிற்று. எங்கள் வேலி எங்கள் பட்டா நிலத்தின் எல்லைக்கல்லில் இருந்து ஓரடி உள்ளே தள்ளி நிற்கிறது. யாருடைய பாதையிலும் இல்லை. அடுத்தவனை வெளியே நிறுத்தக் கட்டிய சுவரும், சொந்த ஆடு வெளியே போகாமல் இருக்கக் கட்டிய வேலியும் ஒன்றா தோழர்?

ஆடு வெளியே போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்கிறோம். 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா ஆடுகள் தரத் தொடங்கியது. கிராமப்புற ஏழைப் பெண்களுக்குத் தலைக்கு 4 ஆடு. சொந்தமாக நிலம் இருக்கக் கூடாது என்பது தகுதிகளில் ஒன்று. தாத்தா பெயரிலேயே பட்டா கிடந்ததால் எங்கள் காலனிப் பெண்கள் கணக்கில் நிலமற்றவர்கள், ஆடு கிடைத்தது. சரி, நிலமே இல்லாதவள் அந்த ஆட்டை எங்கே மேய்ப்பாள்? புறம்போக்கில் மேய்த்துக்கொள்வாள் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். எங்கள் ஊர் மேய்க்கால் புறம்போக்கில் அப்போதே முள்கம்பி சுற்றிச் சவுக்கு வைத்திருந்தார்கள். அரசு ஆட்டைக் கொடுத்தது, மேய்ச்சலை ஊர் எடுத்துக்கொண்டிருந்தது.

மீதி இருந்தது வரப்பு ஓரம். ஒருநாள் எங்கள் பெரியம்மா ஒருத்தரின் ஆடு நிலக்கடலைக் கொல்லையில் வாய் வைத்துவிட்டது. பிடித்துக் கொண்டுபோய்த் தொழுவத்தில் கட்டினார்கள். “ஆட்டைக் கட்டி வளக்கத் தெரியாத உங்களுக்கெல்லாம் எதுக்குடி ஆடு?” என்று கேட்டு, 500 ரூபாய் வாங்கிக்கொண்டுதான் அவிழ்த்துவிட்டார்கள். அதே கொல்லைக்காரரின் மாடு காலனி ஓரக் கீரைப் பாத்தியை மிதித்தபோது நாம் மாட்டைப் பிடித்துக் கட்டினோமா? கட்டியிருந்தால் இன்றைக்கு இதை எழுத யார் இருந்திருப்பார்கள் என்று தெரியாது. வருடம் முடிவதற்குள் பெரியம்மா நாலு ஆட்டையும் விற்றுவிட்டார். “அரசாங்கம் குடுத்தாலும் இவங்களுக்கு வச்சிக்கத் தெரியல” என்று டீக்கடையில் அதற்கும் ஒரு பேச்சு.

இதில் ஒரு சட்டம் இருக்கிறது. 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம். பயிரை மேய்ந்த ஆட்டைப் பிடிக்கலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் பட்டிக்கு, அதாவது ஊர்ப் பவுண்டுக்கு அனுப்ப வேண்டும். தன் வீட்டுத் தொழுவத்தில் கட்டி வைத்து, தானே நீதிபதியாகி அபராதம் வாங்க அந்தச் சட்டம் இடம் தரவில்லை. இதைப் பெரியம்மாவிடம் அப்போது சொல்ல எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த வெட்கம் எங்களுக்கு இன்னும் இருக்கிறது.

இனி நிலத்துக்கு வருவோம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். முதல் 10 ஆண்டுகள் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அதன் பிறகும் நம்மவர்களுக்குள்ளேதான் கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் கைமாறிக்கொண்டே இருந்தது. அதைத் திருப்பிக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள். காரணை என்ற பெயரைக் கேட்டிராத இளைஞர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், முதலில் போய் அதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

எங்கள் நாலு குடும்பத்துக்கும் மிஞ்சியது வானம் பார்த்த இரண்டு ஏக்கர். அதுவும் பங்கு பிரிந்து, ஆளுக்கு 75 அடி அகலம், 290 அடி நீளம் என்று நாலு பட்டை. வேலி பேச்சு வந்தபோது ஒவ்வொருவரும் தன் பட்டையைத் தானே அடைப்பதாகச் சொன்னார்கள். நம் ஆட்களிடமும் ‘என் எல்லை’ என்ற நோய் இருக்கிறது, மறைப்பானேன்? ஒரு நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினோம். தனித்தனியாகச் சுற்றினால் ஒரு பட்டைக்கு 730 அடி, நாலுக்கும் 2,920 அடி. நடுவேலிகளைப் பகிர்ந்துகொண்டாலும் 2,050 அடி. நாலையும் சேர்த்து ஒரே சுற்றாகப் போட்டால் 1,180 அடி. பத்து அடிக்கு ஒரு கல்தூண் என்றால் 292 தூணுக்குப் பதில் 118. அன்றைக்கு இரவே பேச்சு முடிந்தது. ஒற்றுமை பற்றி நாங்கள் மேடையில் பேசிய எல்லாவற்றையும் விட அந்த நோட்டுப் பக்கம் அதிகம் வேலை செய்தது.

முதல் வேலை கம்பி வாங்குவது இல்லை, அளவை. புலப்படமும் ‘அ’ பதிவேட்டு நகலும் வாங்கி, சர்வேயருக்குப் பணம் கட்டி, பக்கத்து நிலக்காரர்களுக்கு நோட்டீஸ் போய், அவர்கள் முன்னிலையிலேயே கல் நட்டோம். இதைத் தவிர்த்துவிட்டு வேலி போடும் தலித் குடும்பம், வேலியோடு ஒரு வழக்கையும் சேர்த்து நடுகிறது. ஓரடி உள்ளே தள்ளிப் போட்டதும் அதனால்தான். அந்த ஓரடி எங்களுக்குக் கசந்தது, இருந்தாலும் விட்டோம்.

ஆட்டுக்கு முள்கம்பி மட்டும் போதாது. குட்டி கீழே நுழைந்து போகும், தாய் ஆட்டுக்கு மடி கிழியும். ஏழடிக் கல்தூண், இரண்டடி மண்ணுக்குள். நாலடிக் கம்பிவலை, தரையோடு ஒட்டி. கீழே சந்து விட்டால் ராத்திரி தெருநாய் வரும், ஒரே ராத்திரியில் பட்டி காலி. வலைக்கு மேலே ஒரு வரி முள்கம்பி. மூலைத் தூண்களுக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கல் சாய்த்துக் கொடுக்காவிட்டால் வலையை இழுத்துக் கட்டும்போது தூண் உள்ளே சாயும். எங்களுக்கு ஒரு மூலை சாய்ந்தது. பிடுங்கி மறுபடி நட்டோம்.

இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார் தெரியுமா? நாற்பது வருடம் அடுத்தவன் கொல்லைக்கு வேலி அடைத்த எங்கள் சித்தப்பா. தன் கையால் போட்ட எந்த வேலிக்கு உள்ளேயும் அவர் ஆடு மேய்ந்தது கிடையாது. கொங்குப் பக்கம் போய்ப் பாருங்கள். தாராபுரம், மூலனூர், காங்கயம் வட்டாரத்தில் கொறங்காடு என்று சொல்லும் மேய்ச்சல் நிலங்கள். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம். அருமையான ஏற்பாடு, ஆராய்ச்சியாளர்கள் புகழ்கிறார்கள், நாமும் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த வேலியைக் கட்டி, படலைச் சாத்தி, உள்ளே இருந்த ஆட்டை மேய்த்த மாதாரிச் சிறுவர்களைப் பற்றி அந்தப் புகழ்ச்சியில் எத்தனை வரி வருகிறது? பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யை எடுத்துப் படியுங்கள், அந்தப் பையன்கள் அங்கே இருக்கிறார்கள். நமக்கு வேலி புதிது இல்லை. வேலிக்கு உள்ளே இருக்கும் நிலம் நம்முடையதாக இருப்பதுதான் புதிது.

அது பொறுக்காமல்தான் மூன்றாம் வாரம் ஒரு ராத்திரி 9 தூண்களைப் பிடுங்கிப் போட்டார்கள். காவல் நிலையத்தில் ஒரு ரசீது கொடுத்து அனுப்பினார்கள். விடவில்லை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நிலத்தை அனுபவிப்பதைத் தடுப்பதும் குற்றம் என்று பிரிவைக் குறித்து மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறோம். தூண்களை மறுநாளே நட்டாயிற்று.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வேலி போட்டுவிட்டதால் புறம்போக்கை விட்டுவிட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மானாவாரி இரண்டு ஏக்கரில் நாலு வீட்டு ஆட்டையும் வருடம் முழுக்க நிறுத்த முடியாது. உள்ளே மூன்றாகத் தடுத்து மாற்றி மாற்றி விடுகிறோம், ஓரமெல்லாம் அகத்தியும் வேலிமசாலும் விதைத்திருக்கிறோம். அப்படியும் கோடையில் வெளியே போய்த்தான் ஆக வேண்டும். ஊர்ப் பொதுநிலத்தை ஆக்கிரமித்தவர்களை வெளியேற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2011 ஜனவரி 28. நிலமற்ற கூலிகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் அரசு ஒதுக்கிய நிலத்துக்கு அந்தத் தீர்ப்பு விலக்கும் கொடுத்தது. நம் ஊர்களில் இந்தத் தீர்ப்பைக் காட்டி முதலில் இடிப்பது நம் குடிசையை. சவுக்குத் தோப்பு அப்படியே நிற்கிறது. பொதுச் சொத்தைச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைதான். சவுக்கு வைத்த புறம்போக்கின் சர்வே எண்ணோடு வட்டாட்சியருக்கு மனு போயிருக்கிறது. அங்கே சுற்றியிருக்கிற கம்பியை அறுப்பதும் எங்கள் நிலத்தில் கம்பி கட்டுவதும் எங்களுக்கு ஒரே வேலைதான்.

கல்தூண் வரிசைக்கு உள்பக்கமாகக் கிளுவைப் போத்து நடப் போகிறோம், கம்பி துருப்பிடித்து விழும் காலத்துக்கு உயிர்வேலி எழுந்து நிற்க வேண்டும். ஆடிப்பெருக்குக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலை 6 மணி, காலனி மேல்நிலைத் தொட்டி பக்கம். கேள்வி கேட்ட தோழரும் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். கடப்பாரை எங்களிடம் நாலுதான் இருக்கிறது, இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். கஞ்சி பெரியம்மா வீட்டில். இந்த மாதம் அவர் மறுபடியும் ஒரு சினை ஆடு வாங்கியிருக்கிறார்.