பிரேக் இல்லாத சைக்கிள் மலிவு இல்லை



லண்டனில் படிக்கும் என் பேரன் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு சைக்கிள் படம் அனுப்பினான். "தாத்தா, இது பழைய டிராக் சைக்கிள். 300 பவுண்டுதான் சொல்றாங்க. காலேஜ் போய்வர வாங்கட்டுமா?" என்று கேட்டிருந்தான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கியர் இல்லை, சரி. ஹேண்டில்பாரில் பிரேக் பிடியையும் காணோம். கேட்டால், "இதுக்கு பிரேக்கே கிடையாது தாத்தா, அதான் அழகு" என்கிறான். உங்களில் பலருடைய பிள்ளைகளும் வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிறார்கள். அதனால் அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

நம் சைக்கிளில் இறக்கம் வந்தால் பெடலை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்போம், வண்டி தானே ஓடும். பின்சக்கரத்தில் இருக்கும் ஃப்ரீவீல் செய்யும் வேலை அது. 'ஃபிக்ஸட் கியர்' சைக்கிளில் ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். குழந்தைகளின் மூன்று சக்கர வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள், அதே சங்கதிதான். வேகத்தைக் குறைக்கவேண்டுமானால் சுற்றிவரும் பெடலைக் காலால் எதிர்த்து அழுத்தவேண்டும்.

பந்தயத் தடத்தில் பிரேக் இல்லாதது ஒரு குறையே இல்லை. 2012 ஒலிம்பிக்குக்காக லண்டனில் கட்டிய லீ வேலி அரங்கில் ஒரு சுற்று 250 மீட்டர். வளைவுகளில் மரத்தளம் 42 டிகிரிவரை சாய்ந்திருக்கும். எல்லோரும் ஒரே திசையில் ஒருவரை ஒருவர் ஒட்டியே ஓட்டுவார்கள். அங்கே ஒருவர் சட்டென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருபவர்கள் அவர்மேல் வந்து விழவேண்டியதுதான். ஆகவே அங்கே பிரேக் இல்லாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. சாலையில் அப்படியா? குழந்தை குறுக்கே ஓடும், நிற்கும் காரின் கதவு திறக்கும்.

என்னிடம் இயற்பியல் படித்தவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். வேகத்தைக் குறைக்கும்போது எடை முன்சக்கரத்துக்குப் போகும். பின்சக்கரம் லேசாகி வழுக்கும். அதனால் பின்சக்கரத்தை மட்டும் நம்பினால் வேகம் நொடிக்கு நொடி சுமார் 2.5 மீட்டர்தான் குறையும். முன்பிரேக் இருந்தால் ஏறத்தாழ 5 மீட்டர் குறையும். மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது நொடிக்கு சுமார் 7 மீட்டர். 49-ஐ 5-ஆல் வகுத்தால் வண்டி நிற்க ஏறத்தாழ 10 மீட்டர், 10-ஆல் வகுத்தால் 5 மீட்டர். இந்த 5 மீட்டர் வித்தியாசத்துக்குள் ஒரு ஆள் நிற்கலாம்.

2016-இல் லண்டனில் அப்படித்தான் நடந்தது. முன்பிரேக் இல்லாத டிராக் சைக்கிளில் வந்த 18 வயதுப் பையன், சாலையைக் கடந்த ஒரு பெண்மீது மோதினான். இரண்டு குழந்தைகளின் தாயான அவர் இறந்துபோனார். அடுத்த ஆண்டு நீதிமன்றம் அவனுக்கு 18 மாதத் தண்டனை விதித்தது. பிரிட்டனில் இந்த வகைச் சைக்கிளைச் சாலையில் ஓட்ட முன்பிரேக் கட்டாயம் என்பது 1983-ஆம் ஆண்டு விதி. தனக்கு அது தெரியாது என்றான் அந்தப் பையன். தெரியாது என்று சொன்னதால் போன உயிர் திரும்புமா?

சரி, கையில் குறைந்த பணத்தோடு எதை வாங்குவது? என் கருத்து இது.

முதலில் முன்ஃபோர்க்கைப் பார். தலைப்பகுதியில் பிரேக் மாட்டத் துளை இருக்கவேண்டும். அசல் பந்தய வண்டிகள் பலவற்றில் அது இருக்காது. ஃபோர்க்கையே மாற்றலாம், ஆனால் அந்தச் செலவையும் 300 பவுண்டோடு கூட்டிப் பார்.

அடுத்தது பின் ஹப். பல்சக்கரத்தைப் பூட்டும் வளையம் இடப்புறமாகத் திருகும் மரையில் இருக்கவேண்டும். சாதாரண ஹப்பில் பல்சக்கரத்தை மட்டும் திருகி விற்பவர்கள் உண்டு. காலால் எதிர்த்து அழுத்தும்போது அது கழன்றுவிடும். செயின் தொங்கக்கூடாது. செயின் கழன்றால் பின்பக்கம் இருக்கும் ஒரே பிரேக்கும் போய்விடும். முன்பிரேக் வேண்டும் என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

கடைசியாகப் பற்களின் எண்ணிக்கை. முன்னால் 46, பின்னால் 17 இருந்தால் பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 5.7 மீட்டர் போகும். ஊருக்குள் ஓட்ட அது போதும். 49-க்கு 14 என்றால் 7 மீட்டருக்கு மேல் போகும். ஒவ்வொரு சிக்னலிலும் நின்று கிளம்ப முழங்கால் கெஞ்சும். ஃபிரேம் அலுமினியமா கார்பனா என்ற ஆராய்ச்சி அப்புறம். முதலில் வண்டி உன் உயரத்துக்குப் பொருந்தட்டும்.

தடத்தில் ஓட்டும் ஆசைதான் என்றால் அதற்காக வண்டி வாங்கவே வேண்டாம். 1948 ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த ஹெர்ன் ஹில் தடம் இன்றும் லண்டனில் இருக்கிறது. அங்கேயும் லீ வேலியிலும் புதிதாகக் கற்பவர்களுக்கு வாடகைக்கே சைக்கிள் கொடுக்கிறார்கள். ஆசை தீர அங்கே பிரேக் இல்லாமல் ஓட்டு. சாலைக்குப் பிரேக்கோடு வா.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "சரி தாத்தா, வேற பார்க்கிறேன்" என்றிருக்கிறான். பார்க்கிறானா, தாத்தா சொல்லட்டும் என்று விட்டுவிட்டானா, அடுத்த படம் வந்தால் தெரியும். உங்கள் பிள்ளைகளும் புது சைக்கிளோடு நின்று படம் அனுப்பினால், முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டபின் ஹேண்டில்பாரையும் ஒருமுறை பாருங்கள். இந்த வண்டியை ஓட்டி அனுபவப்பட்ட மாணவர்கள் யாராவது இருந்தால், நான் சொன்னதில் தவறிருந்தால் தயங்காமல் திருத்துங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்