லீவுப் பட்டியலும் கணினியின் புத்தியும்

நோன்புப் பெருநாளுக்கு எனது கொழும்புக் கடையின் ஆறு ஊழியருக்கும் லீவு பங்கிடுவது பெரும் தலையிடி. ஒரே நாளில் இருவர் போகமுடியாது. முதலில் கேட்டவனுக்குக் கொடுத்துவிடுவேன். மூதூர்ப் பொடியனுக்கு ஒரேயொரு நாள்தான் தோது, அது போயிருக்கும். சென்ற வருடம் வேலையை விட்டே போய்விட்டான். நல்ல கைக்காரன்.

செயற்கை நுண்ணறிவில் இதற்கென்றே ஒரு பாடம் உண்டு. எல்லா வழியையும் போட்டுப் பார்த்தால் கணினியே களைத்துவிடும். சதுரங்கப் பலகையில் எட்டு ராணிகளை வைக்க 442 கோடிக்கும் மேற்பட்ட வழிகள். ஒன்றையொன்று வெட்டாதவை 92 மட்டுமே. ஆகவே தெரிவு குறைந்தவனுக்கே அது முதலில் ஒதுக்கும். ஒதுக்கிய நாளை மற்றவர்களின் பட்டியலில் வெட்டும். ஒருவனுக்கு எதுவுமே மிஞ்சாவிட்டால் உடனே பின்வாங்கி வேறு நாள் பார்க்கும். நாமோ சத்தம் போடுபவனுக்கு முதலிடம் கொடுக்கிறோம்.

இம்முறை பொத்துவில்காரனிலிருந்து தொடங்கினேன். கணினி வாங்கவில்லை, ஒரு கொப்பி போதுமாயிருந்தது.