கழல்வது கியரா, கிளட்சா?

கல்லாறு என்ற பெயரைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகும் சாலையில், மலை தொடங்கும் இடத்தில் இருக்கிறது இந்தச் சிற்றூர். ஆற்றில் உருண்டைக் கற்கள்தான் முதலில் கண்ணில் படும். இங்கிருந்து மேலே 22 கொண்டை ஊசி வளைவுகள். உச்சியில், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடி. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து இளைஞர்களுக்கு இது காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்தால் மாலையில் வீடு திரும்பிவிடும் தூரம்.

ஏறும்போது வண்டி ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். இறங்கும்போதுதான் குட்டு வெளிப்படும். இரண்டாவது கியரில், ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டுவிட்டு, என்ஜினின் பிடியிலேயே வண்டி மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கிறது. திடீரென்று 'டக்' என்று ஒரு சத்தம். லிவரை யாரும் தொடவில்லை. ஆனால் கியர் கழன்றுவிட்டது. அதுவரை பின்னால் இழுத்துப் பிடித்திருந்த என்ஜின் கையை விட்டுவிட, வண்டி தன்னிஷ்டத்துக்கு வேகம் பிடிக்கிறது. எதிரே அடுத்த வளைவு. மிச்சமிருப்பது பிரேக் மட்டும். அதுவும் பத்துப் பதினைந்து வளைவுகளாக அழுத்தி அழுத்திச் சூடேறிப்போன பிரேக். டிரம் அதிகம் சூடேறினால் எவ்வளவு அழுத்தினாலும் பிடி குறைந்துவிடும் என்பது மலைச்சாலை ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். சமதளத்தில் வெறும் எரிச்சலாக இருக்கும் கோளாறு, மலையில் உயிர்ப் பிரச்சினையாகிவிடுகிறது.

மறுநாள் ஊரில் வண்டி ஒர்க்ஷாப்புக்குப் போகிறது. "அண்ணே, வண்டி ஸ்லிப் ஆகுதுண்ணே" என்கிறார் இளைஞர். சிக்கல் இந்த இடத்தில்தான் ஆரம்பமாகிறது. 'ஸ்லிப்' என்பது ஒரே சொல். அது குறிக்கும் நோய்களோ இரண்டு. கிளட்ச் வழுக்கினாலும் ஸ்லிப், கியர் கழன்றாலும் ஸ்லிப். அவசரக்கார மெக்கானிக் கிளட்ச் பிளேட்டுகளை மாற்றிவிடுவார். பணம் போகும், புது பிளேட் வரும், கியர் முன்போலவே கழலும். பழுதுக்குத் தவறான பெயர் வைத்ததற்கான அபராதம் அது.

இரண்டையும் பிரித்தறிய எந்தக் கருவியும் வேண்டாம். கிளட்ச் வழுக்கும்போது லிவர் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆக்சிலேட்டரைத் திருகினால் என்ஜின் கத்தும். வண்டி அந்த வேகத்துக்கு ஓடாது. பெரிய கியரில், மேட்டில், பின்னால் ஆள் இருக்கும்போது இது நன்றாகத் தெரியும். ஆக்சிலேட்டரைக் குறைத்தால் மெல்லப் பிடித்துக்கொள்ளும். கியர் கழல்வது அப்படியல்ல. சத்தம் கேட்கும், சில வண்டிகளில் லிவர் பாதத்தில் உதைக்கும், அதன் பிறகு சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. லிவரை மறுபடி மிதித்தால்தான் உறவு திரும்பும். முதலாவது வழுக்கல், இரண்டாவது கழலல். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் இருந்தும் ஒர்க்ஷாப் வாசலில் அவற்றை மறந்துவிடுகிறோம்.

சரி, கழல்வது கியர்தான் என்று தெரிந்துவிட்டது. உடனே வரும் தீர்ப்பு, "பல் தேஞ்சு போச்சு." இதுவும் பெரும்பாலும் அவசரத் தீர்ப்புதான். இன்றைய மோட்டார் சைக்கிள் கியர் பெட்டியில், சக்கரங்களின் சுற்றுப் பற்கள் எந்நேரமும் ஒன்றோடொன்று பொருந்தியே இருக்கின்றன. கியர் மாற்றும்போது அவை விலகுவதில்லை. ஜோடிகள் எல்லாம் சுழன்றுகொண்டிருக்க, எந்த ஜோடி சக்தியைக் கடத்த வேண்டும் என்பது மட்டும்தான் மாறுகிறது. சக்கரத்தின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் சில தடித்த முட்டுகள் பக்கத்துச் சக்கரத்தின் துளைகளுக்குள் நுழைந்து கவ்விக்கொள்வதே கியர் விழுவது என்பது. ஆங்கிலத்தில் இந்த முட்டுகளுக்கு 'டாக்' என்று பெயர். நாய்க்கும் அதே சொல்தான். கவ்வினால் விடக்கூடாது என்ற அளவில் பொருத்தமான பெயர். கியர் கழலும் வண்டியில் தேய்ந்திருப்பது பெரும்பாலும் சுற்றுப் பல் அல்ல, இந்தக் கவ்வுப் பல்.

புதிதாக இருக்கும்போது கவ்வுப் பல்லின் விளிம்பு கூர்மையாக இருக்கும். பல வண்டிகளில் அது சற்றே உள்நோக்கிச் சாய்த்து வெட்டப்பட்டிருக்கும். பாரம் ஏறினால் இரண்டு சக்கரங்களும் ஒன்றையொன்று இழுத்து இறுக்கிக்கொள்ள வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. விளிம்பு மழுங்கி உருண்டுவிட்டால் கதை தலைகீழாகிறது. பாரம் ஏற ஏற, சக்கரங்கள் ஒன்றையொன்று தள்ளிவிடும். ஒவ்வொரு முறை கழலும்போதும் விளிம்பு இன்னும் கொஞ்சம் மழுங்கும். எனவே இது தானாகச் சரியாகும் நோயல்ல. நாளுக்கு நாள் முற்றும் நோய்.

மழுங்குவது ஏன்? முக்கியக் காரணம் பாதி மனதோடு மாற்றப்படும் கியர். லிவர் முழுதாகப் போய்ச் சேராவிட்டால் பல் நுனியளவு மட்டுமே கவ்வும். முழுப் பாரமும் அந்த நுனியில் விழும்.

பற்கள் ஏன் முழுதாகக் கடிக்க வேண்டும் என்பதைப் பார்க்க விரும்புகிறவர்கள் இன்னொரு கல்லாறுக்குப் போகலாம். மேட்டுப்பாளையத்துக்கு அருகே இருக்கும் கல்லாறு அது. 1899இல் குன்னூர் வரை திறக்கப்பட்ட நீலகிரி மலை ரயில், பல்சக்கரத்தின் துணையோடு ஏறத் தொடங்குவது அந்த நிலையத்திலிருந்துதான். ஏற்றம் 12.5 அடிக்கு ஓர் அடி. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பற்சட்டங்கள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் இடைவெளி. ஒரு பல் விடுபடும் நேரத்தில் இன்னொன்று கடித்திருக்கும் என்பது ஏற்பாடு. மோட்டார் சைக்கிளின் கியர் பெட்டியில் இப்படி மாற்று ஏற்பாடு கிடையாது. நாலைந்து கவ்வுப் பற்கள்தான் முழுப் பொறுப்பு.

இனி, நல்ல மெக்கானிக் என்ன செய்கிறார் என்று பார்க்கலாம். அவர் ஸ்பானரை எடுப்பதற்கு முன் கேள்வி கேட்கிறார். நாடி பார்க்கும் வைத்தியர் பசி, தூக்கம், மலம் பற்றி விசாரிப்பது போன்றது இது.

முதல் கேள்வி: எந்த கியர்? ஒரே ஒரு கியர் மட்டும் கழன்றால், சந்தேகம் அந்த கியரின் கவ்வுப் பற்கள் மீது. இரண்டு கியர்கள் கழன்றால், அவை இரண்டையும் நகர்த்துவது ஒரே ஃபோர்க்கா என்று பார்க்க வேண்டும். சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும் கவட்டைதான் ஃபோர்க். அது வளைந்தாலோ தேய்ந்தாலோ, அதை நம்பியிருக்கும் இரண்டு கியர்களும் பாதிதான் கவ்வும். எல்லா கியர்களும் கழல்கின்றன என்றால், எல்லாப் பற்களும் ஒரே நாளில் கெட்டிருக்க வாய்ப்பில்லை. கோளாறு அவற்றுக்குப் பொதுவான இடத்தில் இருக்க வேண்டும். கியரை அதன் இடத்தில் நிறுத்தி வைக்கும் சிறு ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். லிவரிலிருந்து உள்ளே போகும் இணைப்பில் ஆட்டம் கண்டிருக்கலாம்.

இரண்டாவது கேள்வி: எப்போது கழல்கிறது? கவ்வுப் பல்லுக்கு இரண்டு முகங்கள். என்ஜின் சக்கரத்தை இழுக்கும்போது ஒரு முகத்தில் பாரம். சக்கரம் என்ஜினை இழுக்கும்போது மறு முகத்தில் பாரம். ஏற்றத்தில் கழன்றால் முதல் முகம், இறக்கத்தில் கழன்றால் இரண்டாவது முகம். பொன்முடிக்கு ஒழுங்காக ஏறிய வண்டி கல்லாறுக்கு இறங்கும்போது ஏன் மக்கர் செய்தது என்பதற்கு விடை இதுதான். மேடு, இறக்கம் எதுவுமில்லாமல் பள்ளத்தில் குதிக்கும்போது மட்டும் கழல்கிறதா? அப்படியானால் ஸ்பிரிங்கையும், லிவர் மீதே காலை வைத்து ஓட்டும் பழக்கத்தையும் சந்தேகிக்கலாம்.

மூன்றாவது கேள்வி: வண்டி சமீபத்தில் கீழே விழுந்ததா? விழுந்த வண்டியின் லிவர் வளைந்து என்ஜின் மூடியிலோ கால்மிதியிலோ இடித்துக்கொண்டிருக்கலாம். லிவரைத் தண்டோடு இறுக்கும் போல்ட் தளர்ந்திருக்கலாம். லிவர் தன் முழுத் தூரத்தை நகராவிட்டால் கியரும் முழுதாக விழாது. இதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். இதைப் பார்க்காமல் என்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு. கிளட்ச் கேபிள் சரியான தளர்வில் இருக்கிறதா, செயின் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறதா என்பவையும் வெளியிலிருந்தே தெரிந்துவிடும்.

அடுத்து கைப் பரிசோதனை. என்ஜினை அணைத்து, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே ஒவ்வொரு கியராக மாற்ற வேண்டும். ஒவ்வொன்றும் தெளிவான ஒரு 'கிளிக்'கோடு விழ வேண்டும். குழைவாக விழுகிற கியரைக் குறித்துக்கொள்ளலாம். கடைசியாக, ஆயிலை வடித்துப் பார்ப்பது. மினுமினுக்கும் மெல்லிய தூள் சாதாரணத் தேய்மானம். விரலில் உறுத்தும் துணுக்கு இருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. அதன் பிறகுதான் பிரிக்கும் பேச்சு.

பிரிப்பதும் எல்லா வண்டிக்கும் ஒரே வேலையல்ல. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் நெடுங்காலம் தயாரித்த நான்கு கியர் புல்லட்டில் கியர் பெட்டி என்ஜினோடு சேராத தனிப் பெட்டி. கியர் லிவர் வலது காலில். கியர்களுக்கு நடுவே பொய் நியூட்ரலில் போய் நிற்பது அதன் பிரசித்தமான குணம். அதற்காகப் பலர் கியர் செட்டையே மாற்றியதுண்டு. ஆனால் வெளிமூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு சிறு தகடு இருக்கிறது. அதைத் தளர்த்திக் கொஞ்சம் நகர்த்தி இறுக்கினாலே பல வண்டிகளில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். 1985 முதல் 1996 வரை தயாரான யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளில் கியர்கள் என்ஜினின் வயிற்றுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றைத் தொட வேண்டுமானால் என்ஜினை இறக்கி இரண்டாகப் பிளக்க வேண்டும். அங்கே ஒரு தவறான தீர்ப்பின் விலை மிக அதிகம்.

பிரித்த பிறகும் ஒரு கஞ்சத்தனம் காத்திருக்கிறது. மழுங்கிய சக்கரத்தை மட்டும் மாற்றி, அது கவ்வும் ஜோடிச் சக்கரத்தை அப்படியே விட்டுவிடுவது. மழுங்கிய துளைக்குள் புதுப் பல் நுழைந்தால் அதுவும் சீக்கிரமே மழுங்கிவிடும். மாற்றினால் ஜோடியாக மாற்ற வேண்டும். சூட்டில் நீலம் பாய்ந்த ஃபோர்க்கையும் திரும்பப் பொருத்தக்கூடாது.

கல்லாறு இறக்கத்திலேயே கியர் கழன்றுவிட்டால்? கிளட்சைப் பிடித்து, இரண்டு பிரேக்கையும் உபயோகித்து வேகத்தைக் குறைத்து, கழலாத கீழ் கியருக்குப் போய்விடுவது நல்லது. முதல் கியரில் ஊர்ந்து இறங்குவதில் அவமானம் எதுவும் இல்லை. பலர் செய்வது வேறு. கழலும் கியரின் லிவரைப் பாதத்தால் அழுத்திப் பிடித்தபடியே ஓட்டுகிறார்கள். அந்த அழுத்தம் ஃபோர்க்கைச் சுழலும் சக்கரத்தோடு உராய வைக்கிறது. பல் மட்டும் கெட்டிருந்த வண்டியில் ஃபோர்க்கும் சேர்ந்து கெடுகிறது.

இளைஞருக்கு இதையெல்லாம் மனப்பாடம் செய்யும் வேலை வேண்டாம். ஒர்க்ஷாப்புக்குப் போகும்போது 'ஸ்லிப்' என்ற சொல்லை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் போதும். "அண்ணே, ரெண்டாவது கியர் மட்டும், இறக்கத்துல ஆக்சிலேட்டரை விட்டா கழண்டுடுது. ஏத்தத்துல ஒண்ணுமில்ல. வண்டி கீழ விழலே." இவ்வளவும் சொல்லக் கால் நிமிடம் ஆகும். கேட்கும் மெக்கானிக் நல்லவராக இருந்தால், என்ஜினைத் தொடும் முன்பே எந்தச் சக்கரத்தின் எந்த முகம் என்பதுவரை அவருக்குத் தெரிந்துவிடும். கேட்காமலே கிளட்ச் பிளேட் பெட்டியைத் திறக்கிறவராக இருந்தால், வண்டியை வேறு ஒர்க்ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போவது மலிவு.