சுருதி கூட்டும் பொறி

வீணையின் ஒரு தந்தியை முறுக்குங்கால் ஏனைய தந்திகளெல்லாம் நெகிழ்ந்துவிடுமாயின், சுருதி கூட்டுவோன் படும் பாடு எத்தகையதாகும்? குறைகடத்தியிலே குவாண்டம் சாதனங்களை ஆக்கும் விஞ்ஞானிகள் படும் பாடும் அத்தகையதே.

இலத்திரனின் தற்சுழற்சியையே கணிப்பின் அலகாகக் கொள்ளலாமென லொஸ், டிவின்சென்சோ என்னும் அறிஞர் இருவர் 1998 இல் எடுத்துரைத்தனர். அதற்கு ஓரிரு இலத்திரன்களை நுண்ணிய குழிகளிற் சிறைப்படுத்தல் வேண்டும். தனிப்பூச்சியத்தை அண்மிய குளிரிலே, சாதனத்தின் மேலுள்ள உலோக வாயில்கள் ஒவ்வொன்றுக்கும் தக்க மின்னழுத்தம் கொடுத்தே அச்சிறை அமைக்கப்படுகின்றது. ஒரு வாயிலை மாற்றின் அயல் வாயில்களின் பயனும் மாறும். ஒரே முறையில் ஆக்கப்பட்ட இரு சாதனங்கள்தாமும், பொருளிலுள்ள சிறு குறைகளால், ஒன்றையொன்று ஒவ்வா. ஆதலின் தேர்ந்த ஆய்வாளரும் மணிக்கணக்காகத் தேடுவர்.

2020 இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர் தம் குழுவினருடன் இப்பணியைக் கணினியிடம் ஒப்படைத்த செய்தியை வெளியிட்டனர். எட்டு மின்னழுத்தங்களை ஒருங்கே மாற்றுங்கால், மின்னோட்டம் பாயும் நிலைக்கும் நின்றுவிடும் நிலைக்கும் இடையே ஓர் எல்லை உண்டு. வேண்டிய நிலை அவ்வெல்லையை அடுத்தே கிடைக்கும். கணினி அவ்வெல்லையின் வடிவை அளவீடுகளிலிருந்து கற்று, ஆங்கேயே தேடிற்று. இடைய அளவில் 70 நிமிடத்துக்குட்பட்ட நேரத்திற் காரியம் முடிந்தது. கைதேர்ந்தோரையும் அது முந்திற்று.

இனி மனிதத் திறமைக்கு இடமில்லையென்பார் சிலர். நாம் அவ்வாறு கருதோம். பயன்தரும் குவாண்டம் கணினிக்கு எண்ணிறந்த அலகுகள் வேண்டும். அவை யாவற்றையும் கையாற் கூட்டல் இயலாது. ஆதலின் பொறியை வரவேற்பதே அறிவுடைமை. எனினும் நல்ல நிலைக்குரிய அடையாளம் யாதெனப் பொறிக்கு வகுத்தளித்தோர் மனிதரே. அது கண்ட நிலைகள் மெய்யானவையோவென இறுதியில் நோக்கித் தீர்த்தோரும் மனிதரே. ஒருமுறையேனும் தன் கையாற் கூட்டி அறியாதவன், பொறி வழுவுமிடத்தை எங்ஙனம் அறிவான்?

நமது ஆய்வுகூடங்களிலே இசைக்கவையைத் தட்டிச் சுரமானிக் கம்பியின் நீளத்தைத் தேடும் மாணவன், காலத்தை வீணாக்குகின்றான் அல்லன். திரையில் தோன்றும் விடையை மட்டும் கண்டு பழகியவனுக்கு வாய்க்காத தீர்ப்பாற்றலை அவன் ஈட்டுகின்றான். பொறியை ஏற்போம், கைப்பயிற்சியைக் கைவிடோம். மாணாக்கர் இவ்விரண்டையும் பெறச்செய்தல் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் உரிய கடனாகும்.